பாதம் கழுவுதலும் தாழ்மையும்: பெங்களூரு தமிழ்ச் சபைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தவக்காலம் தொடங்கிவிட்டால் சிவாஜிநகர், அல்சூர், விவேக்நகர், லிங்கராஜபுரம் பக்கத்துத் தமிழ்ப் பங்குகளிலும் சபைகளிலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். பாதி, புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கைப் பற்றியது: யாரை உட்கார வைப்பது, எவ்வளவு தண்ணீர், எந்தத் துண்டு. மீதி, வீட்டையும் அலுவலகத்தையும் பற்றியது: எதுவரை பொறுத்துப்போவது, எதுவரை கொடுப்பது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளை அப்படியே விட்டிருக்கிறோம்.

தாழ்மை, தாழ்ச்சி, பணிவு எல்லாம் ஒண்ணுதானே? எதுக்கு இத்தனை வார்த்தை?

சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் தாழ்மை என்பார்கள், கத்தோலிக்க ஜெபங்களில் தாழ்ச்சி என்று வரும். பொருள் ஒன்றே. பணிவு என்பது வெளியே தெரிகிற நடத்தை: குரலைத் தணிப்பது, எழுந்து நிற்பது, கை கட்டுவது. மனதில் தாழ்மை இல்லாமலே பணிவு காட்ட முடியும். மேலதிகாரி முன்னால் பலர் தினமும் காட்டுவது அதைத்தான்.

இதைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று நம் மொழியிலேயே இருக்கிறது. தாழ்த்தினார் வேறு, தாழ்த்தப்பட்டார் வேறு. பிலிப்பியர் 2-ஆம் அதிகாரம் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும்போது 'தம்மைத்தாமே தாழ்த்தினார்' என்கிறது. உயரத்தில் இருந்தவர், யாரும் பிடித்துத் தள்ளாமல், தாமே இறங்கி வந்தார். ஒருவரை மற்றவர்கள் அழுத்திக் கீழே வைத்திருந்தால் அதற்குப் பெயர் அநியாயம். அவரிடமே போய் 'தாழ்மையாக இருங்கள்' என்று பிரசங்கம் செய்வது வேதத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. கீழே வரும் பல கேள்விகளுக்கு இந்தப் பதிலுக்கே திரும்பி வருவோம்.

பெரிய வியாழன் அன்னிக்கு எதுக்குக் கால் கழுவுறாங்க?

கடைசி இராவுணவின்போது இயேசு பந்தியைவிட்டு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, இடுப்பில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துச் சீடர்களின் கால்களைக் கழுவினார். இது யோவான் 13-இல் மட்டுமே இருக்கிறது. மற்ற மூன்று சுவிசேஷங்களில் இல்லை. ஆனால் லூக்கா 22-இல், அதே இரவு, அதே பந்தியில், தங்களுக்குள் யார் பெரியவன் என்று சீடர்கள் வாக்குவாதம் செய்தது பதிவாகியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் அந்தத் தண்ணீர்ப் பாத்திரம் எதற்கு வந்தது என்பது விளங்கும்.

அந்தக் காலத்துச் செருப்பு திறந்தது, சாலையெல்லாம் புழுதி. விருந்தாளிக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுப்பது வீட்டுக்காரரின் மரியாதை. உட்கார்ந்து தேய்த்துக் கழுவிவிடுவது அடிமையின் வேலை. எபிரேய அடிமையிடம்கூட இந்த வேலையை வாங்கக் கூடாது என்று பழைய யூத மரபுரை ஒன்று சொல்லும் அளவுக்கு அது கீழான வேலை. பந்தியில் சாய்ந்து படுத்தபடி சாப்பிடுவது வழக்கம் என்பதால் கால்கள் வெளிப்பக்கம் நீண்டிருக்கும். கழுவுகிறவர் ஒவ்வொருவருக்கும் முதுகுப்பக்கமாகப் போய்த்தான் குனிய வேண்டும்.

'நீங்கள் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள்' என்ற புதிய கட்டளையும் அதே அதிகாரத்தில், 34-ஆம் வசனத்தில் வருகிறது. லத்தீனில் கட்டளைக்கு 'மந்தாத்தும்' என்று பெயர். ஆங்கிலத்தில் இந்த வியாழனை 'மாண்டி' வியாழன் என்பது அந்தச் சொல்லிலிருந்து வந்ததே.

எங்க சபையில திருவிருந்து மட்டும்தான் இருக்கு, கால் கழுவுறது இல்லையே. நாங்க தப்பு பண்றோமா?

இல்லை. 'நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்' என்ற வசனத்தைச் சில சபைகள் நிரந்தர நியமமாக எடுத்துக்கொண்டன, சில சபைகள் வாழ்ந்து காட்டவேண்டிய மாதிரியாக எடுத்துக்கொண்டன. கத்தோலிக்கத் திருச்சபையில் 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் செய்த புனித வாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு இது மாலைத் திருப்பலிக்குள்ளேயே, மறையுரை முடிந்ததும் நடக்கிறது. அங்கும் இது கட்டாயம் இல்லை. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளில் போதகரும் சபையும் தீர்மானிக்கிற விஷயம். சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஆயர் கழுவுவார்.

ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் செய்யும் முறை தனியானது. திருவிருந்துக்கு முன்னால் ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் ஜோடி ஜோடியாகக் கழுவிக்கொள்வார்கள். ஒருவர் கழுவி முடித்ததும் இடம் மாறி உட்காருவார்கள். 'ஒருவருடைய கால்களை ஒருவர்' என்ற சொற்களுக்கு மிக நெருங்கிய வடிவம் இதுதான் என்பது எங்கள் எண்ணம். மற்ற சபைகளின் சிறு ஜெபக்குழுக்களும் இதை எடுத்துச் செய்து பார்க்கலாம்.

நம்ம ஊர்க் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குப் பாதபூஜை பண்றாங்களே, அதே மாதிரிதானே இது?

செயல் ஒன்றுபோல் தெரியும், திசை வேறு. பாதபூஜையில் கழுவப்படுகிறவர் உயர்ந்தவராகக் கருதப்படுகிறார்: மாப்பிள்ளை, குரு, பெற்றோர். இங்கே கழுவுகிறவர்தான் ஆண்டவரும் போதகருமானவர். கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பழக்கம் உள்ள நமக்கு, பெரியவர் சின்னவரின் காலைத் தொடுவது உள்ளுக்குள் கூசும். அந்தக் கூச்சம்தான் பேதுருவுக்கும் வந்தது: 'நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது.' ஆகவே சடங்கில் உட்காருகிறவர்களுக்குக் கூச்சம் வந்தால் அது குறை அல்ல, விஷயம் சரியாகப் புரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு ஆம்பளைங்கதான் உட்காரணுமா? பெண்கள், பிற மதத்தவர்?

கத்தோலிக்கரில் முன்பு ஆண்கள் மட்டுமே என்று விதி இருந்தது. 2016 ஜனவரியில் வெளியான ஆணை அதை மாற்றி, ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர், நலமுள்ளவர், நோயாளிகள் என்று இறைமக்கள் எல்லோரிலிருந்தும் தேர்ந்தெடுக்கலாம் என்றது. பன்னிரண்டு என்ற எண்ணும் கட்டாயம் இல்லை. எட்டுப் பேர் இருந்தால் எட்டு.

2013 மார்ச் 28 அன்று, பதவியேற்று இரண்டு வாரமே ஆகியிருந்த திருத்தந்தை பிரான்சிஸ், ரோமில் உள்ள காசல் தெல் மார்மோ சிறார் சிறையில் 12 இளையோரின் கால்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இருந்தார்கள், முஸ்லிம்களும் இருந்தார்கள். விதி மாறியது அதற்கு மூன்று வருடம் கழித்து. சீர்திருத்த சபைகளில் இப்படி ஒரு தடை எழுதப்பட்ட இடம் அரிது. 'வழக்கம் இல்லை' என்பதுதான் பெரும்பாலும் காரணமாகச் சொல்லப்படுகிறது.

வருஷா வருஷம் கமிட்டிக்காரங்களே உட்கார்றாங்க. வேற யாரை, எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

ஒவ்வோர் அன்பியத்திலிருந்தும் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழு) அல்லது ஜெபக்குழுவிலிருந்தும் ஒரு பெயர் கேளுங்கள். பெயரையும் வருடத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒருமுறை உட்கார்ந்தவர் மூன்று வருடத்துக்கு மறுபடி வேண்டாம். இந்த நோட்டு இல்லாததால்தான் அதே முகங்கள் திரும்ப வருகின்றன. கடைசி நாளில் ஆள் தேடும்போது கையருகில் இருப்பவர்கள் கமிட்டிக்காரர்கள்தான். எனவே குருத்து ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்பே பட்டியல் முடிந்துவிட வேண்டும்.

பௌரகார்மிகர்கள் (மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள்), அபார்ட்மென்ட்களில் வீட்டுவேலை செய்பவர்கள், செக்யூரிட்டிகள் ஆகியோரை அழைப்பது நல்லது. ஆனால் அழைக்கிற விதத்தில்தான் தவறு நடக்கிறது. தனியாகப் போய்க் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுங்கள். 'இதோ நமது துப்புரவுப் பணியாளர்' என்று மைக்கில் அறிவிக்காதீர்கள். பன்னிரண்டு பேருக்கும் தொழில் சொல்லுங்கள், அல்லது யாருக்குமே சொல்லாதீர்கள். விடியற்காலை வேலைக்குக் கிளம்புகிறவர் இரவு ஒன்பது மணிக்கு பஸ்ஸுக்காக நிற்க நேர்ந்தால் உங்கள் சடங்கு அவருக்குப் பாரம்தான். ஆட்டோவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

என்னென்ன வாங்கி வைக்கணும்? எவ்வளவு தண்ணி ஆகும்?

ஒரு காலுக்கு 200 மில்லி போதும். இரண்டு காலும் கழுவினால் ஆளுக்கு 400 மில்லி, பன்னிரண்டு பேருக்குச் சுமார் 5 லிட்டர். முடிந்ததும் குருவானவர் சோப்புப் போட்டுக் கை கழுவ இன்னும் அரை லிட்டர். ஒரு பத்து லிட்டர் பக்கெட்டில் முக்கால் பங்கு நிரப்பினால் மிச்சமே இருக்கும். சில இடங்களில் வலது கால் மட்டும் கழுவுவது வழக்கம். அதுவும் சரிதான், தண்ணீர் பாதியாகும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையாகி, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்திருந்த நேரத்தில்தான் பெரிய வியாழன் வந்தது. 'இந்த வருஷம் சடங்கு வேண்டாமா' என்ற கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும்: மொத்தமும் அரை பக்கெட்தான். கழுவின தண்ணீரை வளாகத்துச் செடிக்கு ஊற்றுங்கள்.

ஜக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு லிட்டர் ஜக்கு நிரம்பினால் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், மண்டியிட்டபடி பன்னிரண்டு முறை சாய்த்தால் மணிக்கட்டு நடுங்கித் தண்ணீர் புடவையில் கொட்டும். பீடச்சிறுவர் ஒருவர் பின்னாலிருந்து நிரப்பிக்கொண்டே வரட்டும். பேசின் அகலமாக, ஒரு முழ அளவு விட்டம் இருந்தால் குதிகாலும் விரலும் அதற்குள் அடங்கும். நான்கு பேருக்கு ஒருமுறை காலி செய்யுங்கள்.

துண்டில்தான் அதிகம் பேர் ஏமாறுவார்கள். புதன்கிழமை கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் வாங்கி வியாழன் அப்படியே பிரித்து வைத்தால் புதுத் துண்டு தண்ணீரை உறிஞ்சாது, காலின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். முந்தின வாரமே வாங்கி இரண்டு முறை துவைத்துக் காயவையுங்கள். ஆளுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கூடுதலாக இரண்டு. ஒரே துண்டைப் பன்னிரண்டு பேருக்குப் பயன்படுத்தினால் சேற்றுப்புண் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும்.

கிரானைட் தரை ஈரமானால் வழுக்கும். நாற்காலிக்கு முன்னால் ரப்பர் பாய் விரியுங்கள். கால் துடைத்து முடிக்கும்வரை யாரும் செருப்பில் கால் வைக்க வேண்டாம். குருவானவரின் காலர் மைக்கை இந்த நேரத்துக்கு அணைத்துவிடுங்கள், குனியும்போதெல்லாம் உடையில் உரசிப் பாடற்குழுவின் பாட்டைக் கெடுக்கும். முழங்கால் வலி உள்ளவருக்கு ஒரு முக்காலி. ஆளுக்கு ஒரு நிமிடம், இடம் மாற நேரம் சேர்த்துப் பதினைந்து நிமிடப் பாட்டு தயாராக இருக்கட்டும்.

சர்க்கரை நோயாளி, கால்ல புண் இருக்கிறவங்க உட்காரலாமா?

சர்க்கரை நோய் இருப்பதே தடை இல்லை. ஆனால் நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும், சூடு தெரியாது. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். ஊற்றுகிறவர் முதலில் தன் முழங்கையில் விட்டுப் பார்க்க வேண்டும். துடைக்கும்போது விரலிடுக்குகளையும் ஒற்றி எடுங்கள், ஈரம் அங்கே தங்கினால்தான் தோல் வெடிக்கும். திறந்த புண்ணோ கட்டோ இருந்தால் அந்தக் காலைத் தொடாமல் மற்றொரு காலை மட்டும் கழுவலாம். இதை முந்தின நாளே தனியாகக் கேட்டு வையுங்கள், பீடத்துக்கு முன்னால் கேட்காதீர்கள்.

வீட்ல நல்லா தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் வருவோம். அப்புறம் எதுக்கு மறுபடி?

கழுவிவிட்டே வாருங்கள். ஆனால் பார்லருக்குப் போய்வர வேண்டாம். மண்டியிட்டிருப்பவர் கண்ணுக்கு ஒரு முழம் தூரத்தில் உங்கள் பாதம் இருக்கும்: பித்தவெடிப்பில் கறுப்புக் கோடாகப் படிந்த மண், மெட்டி அழுத்தி வெளுத்துப்போன விரல், ரப்பர் செருப்பின் வார் ஓடிய இடத்தில் மட்டும் வேறு நிறத் தோல். ஒருவர் எவ்வளவு நின்றிருக்கிறார், எங்கெல்லாம் நடந்திருக்கிறார் என்பதைப் பாதம் சொல்லிவிடும். குருவானவர் படிக்க வேண்டியது அதைத்தான்.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடலாமா?

உட்காருகிறவர்களிடம் முன்பே கேட்டு, எல்லோரும் சம்மதித்தால் ஒரே ஒருவர், ஓர் இடத்தில் நின்று, ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். ஒருவர் தயங்கினாலும் வேண்டாம்.

அப்ரைசல் ஃபார்ம்ல நான் செஞ்ச வேலையெல்லாம் எழுதினா பெருமை அடிக்கிற மாதிரி இருக்கே. எழுதாம விட்டா அடுத்தவன் எடுத்துக்கிறான்.

எழுதுங்கள். தாழ்மை என்பது உண்மையைக் குறைத்துச் சொல்வது அல்ல. ரோமர் 12:3 சொல்வது, எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாதே என்பதுதான். எண்ணவேண்டிய அளவுக்குக் கீழே எண்ணு என்று அங்கே எழுதியிருக்கவில்லை. பவுலும் 'அவர்களெல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்' என்று துணிந்து எழுதிவிட்டு, உடனே 'நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே' என்கிறார்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். நீங்கள் தனியாகச் செய்ததற்கு 'நான்', சேர்ந்து செய்ததற்கு 'நாங்கள்' என்று எழுதி உடன் உழைத்தவர்களின் பெயரைச் சேருங்கள். எண்ணிக்கை, தேதி போடுங்கள். 'மிகச் சிறப்பாக' போன்ற அடைமொழிகளை எடுத்துவிடுங்கள். செய்த தவறு ஒன்றையும் அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 'நான் ஒண்ணுமே பண்ணலை சார்' என்று சொல்லிவிட்டு, யாராவது மறுத்துப் பாராட்ட வேண்டும் என்று காத்திருப்பதுதான் கொலோசெயர் 2 குறிப்பிடும் 'மாயமான தாழ்மை'.

புருஷன் குடிச்சிட்டு அடிக்கிறார். 'சிலுவையைச் சுமந்துக்கோம்மா'ன்னு ஜெபக்கூட்டத்துல சொல்றாங்க. பொறுத்துக்கிறதுதான் தியாகமா?

இல்லை. முதல் பதிலைப் பாருங்கள்: இது தாழ்த்தப்படுதல். இயேசு தம் ஜீவனைப் பற்றி, 'ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான். நானே அதைக் கொடுக்கிறேன்' என்றார். கொடுப்பதுதான் தியாகம், பிடுங்கப்படுவது அல்ல. நாசரேத்தில் அவரை மலை விளிம்பிலிருந்து தள்ளப் பார்த்தபோது அவர் நடுவே கடந்து போய்விட்டார். கல்லெறிய வந்தபோது மறைந்துகொண்டார். விசாரணையில் சேவகன் அறைந்தபோதும் பேசாமல் இருக்கவில்லை, 'என்னை ஏன் அடிக்கிறாய்' என்று கேட்டார்.

உடனடி ஆபத்து என்றால் 112. பெண்களுக்கான உதவி எண் 181. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன்படி பாதுகாப்பு ஆணையும், அதே வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமைக்கான ஆணையும் கேட்கலாம். காயத்துக்கு மருத்துவமனையில் காட்டும்போது அடித்ததாகவே சொல்லிப் பதிவு செய்யுங்கள், 'வழுக்கி விழுந்தேன்' என்று எழுதிய சீட்டு பின்னால் உங்களுக்கு எதிராக நிற்கும். ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்களை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வையுங்கள்.

போதகர்களுக்கும் பங்குத்தந்தையருக்கும் ஒரு வார்த்தை. அடி நடக்கிற வீட்டில் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஆலோசனை சொல்லாதீர்கள். கணவர் முன்னால் அந்த அம்மா உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து அடி விழும். முதலில் அந்த அம்மாவுடன் தனியாகப் பேசுங்கள்.

சபைச் சகோதரர் பேங்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தா 'உனக்கு அன்பே இல்லை'ங்கிறார்.

ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்று 1872 ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. அவர் கட்டாவிட்டால் வங்கி நேராக உங்களிடம் வரலாம். நீதிமொழிகள் 22 இதையே எச்சரிக்கிறது: செலுத்த வழியில்லாமல் பிணைப்பட்டால் படுத்திருக்கிற படுக்கையும் போய்விடும்.

முழுத் தொகையையும் நீங்களே கட்ட நேர்ந்தாலும் உங்கள் வீட்டுச் செலவும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் தாங்குமா என்று மனைவியோடு, அல்லது கணவரோடு, உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். தாங்காது என்றால் மறுத்துவிடுங்கள். தியாகம் உங்கள் கையில் இருப்பதிலிருந்து வர வேண்டும், பிள்ளைகளின் தட்டிலிருந்து வரக்கூடாது. திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்று கொடுக்கக்கூடிய ஒரு தொகை இருந்தால் அதைக் கடனாக இல்லாமல் அன்பளிப்பாகவே கொடுத்துவிடுங்கள். உறவும் தப்பும், தூக்கமும் தப்பும்.

அடுத்தவனுக்காக உயிரையே கொடுக்கிறது ஒரு வகையில தற்கொலை இல்லையா?

நோக்கத்தைப் பாருங்கள். 1941-இல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து ஒரு கைதி தப்பியதாகச் சொல்லி, பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் பிரான்சிசெக் கயோவ்னிசெக் என்பவர் மனைவி மக்களை நினைத்துக் கதறியபோது, மாக்சிமிலியன் கோல்பே என்ற குருவானவர் வரிசையை விட்டு முன்னால் வந்து அவருக்குப் பதிலாகத் தம்மை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு வாரப் பட்டினிக்குப் பிறகும் உயிரோடிருந்த அவரை ஆகஸ்ட் 14 அன்று ஊசி போட்டுக் கொன்றார்கள். கோல்பே சாவைத் தேடவில்லை, இன்னொருவரின் வாழ்வைத் தேடினார். 1982-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது கயோவ்னிசெக் அந்தக் கூட்டத்தில் இருந்தார். 1995 வரை வாழ்ந்தார்.

'நான் செத்தால்தான் இவர்களுக்கு நிம்மதி' என்ற நினைப்பு இதற்கு நேர் எதிரானது, அதில் யாருக்கும் வாழ்வு கிடைப்பதில்லை. அந்த நினைப்பு வந்தால் அதைத் தியாகம் என்று எண்ணிக்கொள்ளாமல் உடனே ஒருவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416, எந்த நேரமும் பேசலாம்.

புனித வெள்ளி அன்னிக்கு ரத்த தானம் வைக்கலாம்னு இளைஞர் குழு சொல்லுது. நல்லதுதானே?

நல்லது, நாள்தான் சிக்கல். அன்று பலர் உபவாசம் இருப்பார்கள், மூன்று மணி நேர ஆராதனையில் நின்றிருப்பார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தால் தலைசுற்றி விழுவார்கள். முந்தின சனிக்கிழமையோ ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறோ வையுங்கள். வயது 18 முதல் 65. எடை குறைந்தது 45 கிலோ. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். கூச்சப்பட்டு எடையை உயர்த்திச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆகவே தராசு வைத்தே பாருங்கள்.

யூதாஸ் காலையும் கழுவினாரே. அப்ப எங்க சங்கப் பணத்தைச் சாப்பிட்டவரை மன்னிச்சு மறுபடி பொருளாளர் ஆக்கணுமா?

மன்னிக்க வேண்டும். பொருளாளர் ஆக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. காட்டிக்கொடுக்கப் போகிறவர் யார் என்று தெரிந்தே இயேசு அந்தக் காலைக் கழுவினார். பணப்பையும் அப்போது யூதாசிடம்தான் இருந்தது. பகையை விட்டுவிடுவதற்கு ஒரு நொடி போதும், நம்பிக்கை வளர வருடங்கள் ஆகும். அவரைப் பார்த்தால் பேசுங்கள், அவர் வீட்டில் நோய் என்றால் முதலில் போய் நில்லுங்கள். எடுத்த தொகையைத் தவணையாகத் திருப்பிக் கட்ட எழுத்தில் ஏற்பாடு செய்யுங்கள். கணக்கு வேறு ஒருவர் கையில், காசோலைக்கு இரண்டு கையெழுத்து. பணத்தை மறுபடி அவர் கையில் கொடுத்தால் அவரையும் மறுபடி சோதனையில் தள்ளுகிறீர்கள்.

சர்ச்சுல சாதி இல்லைங்கிறாங்க. கல்யாணப் பேச்சு வந்தா முதல் கேள்வியே அதுதான். கால் கழுவி என்ன பிரயோஜனம்?

சடங்கு மட்டும் போதாது, உண்மைதான். வியாழக்கிழமை ஓர் அம்மாவின் காலைக் கழுவிவிட்டு, திங்கட்கிழமை அதே அம்மாவுக்கு வீட்டில் தனி டம்ளர் வைத்தால் தண்ணீர்தான் வீண். தாழ்மை யாரிடம் கேட்கப்பட வேண்டும் என்பதற்கு முதல் பதிலிலேயே விடை இருக்கிறது: மேலே நிற்பவர்களிடம்.

திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லோருடனும் பழகியது அவர்மேல் வந்த கோபத்துக்கு ஒரு காரணம். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது, 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தைத் திருச்சபை அவர் பெயரோடு சேர்க்கவில்லை. தம் பட்டத்தோடு வந்த உயரத்தை வாழ்ந்த நாளிலேயே இறக்கி வைத்தவருக்கு அதுதான் பொருத்தம்.

உங்கள் சபையில் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. திருமணத் தகவல் படிவத்தில் சாதி என்ற கட்டத்தையும், அதையே மறைமுகமாகக் கேட்கும் 'பூர்வீகக் கிராமம்' என்ற கட்டத்தையும் எடுத்துவிடுங்கள். கமிட்டிப் பட்டியலை எடுத்து எந்தத் தெருக்காரர்கள் ஒருமுறைகூட வரவில்லை என்று பாருங்கள். சபை விருந்தில் யார் பரிமாறுகிறார்கள், யார் உட்காருகிறார்கள் என்று ஒரு வருடம் கவனியுங்கள்.

அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. நான் கழுவிவிட வந்தா 'வேண்டாம்டி, பாவம் நீ'ன்னு தள்ளிவிடறாங்க. எனக்கும் சில நாள் சலிப்பா இருக்கு. என் அன்பு பொய்யா?

பொய்யில்லை. சலிப்பு உடம்பின் கணக்கு, அன்பின் கணக்கு வேறு. ஊழியத்திலிருந்து திரும்பிய சீடர்களையே இயேசு தனியிடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறச் சொன்னார். வாரத்தில் ஒரு நாளாவது அண்ணனோ நாத்தனாரோ வந்து பார்த்துக்கொள்ளட்டும். யாரும் இல்லை என்றால் அன்பியத்தில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படுவதும் பேதுருவின் கூச்சம்தான். 'நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை' என்ற பதில் உங்களுக்கும் அம்மாவுக்கும் சேர்த்துத்தான். ஆயுள் முழுவதும் மற்றவர்களுக்குச் செய்தே பழகியவருக்கு வாங்கிக்கொள்வது மிகக் கடினம்.

அம்மா தள்ளிவிடுவது பெரும்பாலும் வெட்கத்தால். கதவைச் சாத்துங்கள், போர்வையை முழுதும் எடுக்காமல் கழுவுகிற இடத்தை மட்டும் விலக்குங்கள். ஈரத்துணியைப் பிழிந்து முதலில் அவர் கையிலேயே கொடுங்கள், முகத்தை அவரே துடைத்துக்கொள்ளட்டும். பிறகு கை, பிறகு கால், கடைசியில் மற்றது, அதற்குத் தனித் துணி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், குதிகாலுக்கு மேல் கெண்டைக்கால் அடியில் தலையணை கொடுத்தால் குதிகால் மெத்தையில் அழுந்தாது. இயல்பாகப் பேசிக்கொண்டே செய்யுங்கள். ஊர்க்கதை, பேரன் படிப்பு, எதுவானாலும் சரி. அவர் உங்கள் தலைமுடியை வருட முயன்றால் குனிந்து கொடுங்கள்.